ஷார்ட் ஸ்திரீட்டின் ஒன்பது சிறுமிகள்

கேலாங் மெதடிஸ்ட் பள்ளி தொடங்கியது 1924ஆம் ஆண்டில். அப்போது அறுபதைக் கடந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, இதே சிங்கப்பூரில் இன்னும் ஓய்வு பெறாமல் உழைத்துக்கொண்டிருந்தார். கேலாங் பள்ளியைத் தொடங்கியது அவர் அல்லர். ஆனால், மெதடிஸ்ட் சபை இங்கு பெண்பிள்ளைகளுக்காகத் திறந்த முதல் பள்ளி அவருடையது. அதில் முதன்முதலில் அமர்ந்து படித்தவர்கள் தமிழ்ச் சிறுமிகள் என்பது நம் இளையர் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் சோஃபியா பிளாக்மோர். 1857இல் நியூ சவுத் வேல்சின் கோல்பர்ன் ஊரில் பிறந்தவர். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் அமைப்பு சிங்கப்பூருக்கு அனுப்பிய முதல் பெண் மிஷனரி. 1887 ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 29.

தங்கள் மகள்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று இங்கிருந்த இந்திய வணிகர்கள் சிலர் விரும்பினர். அதனால் அவர் நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில், ஒன்பது சிறுமிகளுடன் தமிழ்ப் பெண்கள் பள்ளி திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது.

சீனக் குடும்பங்களிடம் வேலை அவ்வளவு எளிதாக இல்லை. பெரனாக்கான் வீடுகளில் பெண்பிள்ளை வளர்ந்துவிட்டால் வெளியே அனுப்பமாட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போகாத மகளுக்குப் படிப்பு எதற்கு என்று தாய்மார் கேட்டனர். பிளாக்மோர் மலாய் மொழியைக் கற்றுக்கொண்டார். தெருத் தெருவாக நடந்தார், கதவுகளைத் தட்டினார். மறுத்த வீடுகளும் உண்டு, உட்காரவைத்துப் பேசிய வீடுகளும் உண்டு. 1888இல் தெலுக் ஆயர் வட்டாரத்தில் ஒரு பெரனாக்கான் பெண்மணி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். எட்டுச் சிறுமிகளுடன் அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளிகளின் வேர்.

அந்தத் தாய்மாரின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. கதவருகே நின்ற அந்நியப் பெண், எழுத்தோடு தம் சமயத்தையும் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பதே அவரது விருப்பம். அதனால் அவரை எடுத்த எடுப்பில் நம்ப அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. மீண்டும் மீண்டும் வந்து, வீட்டு மொழியில் நலம் விசாரித்து, பெற்றோருக்குத் தம்மைப் பழக்கப்படுத்திக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மாலையில் அவர் திரும்பிய வீடும் அமைதியான வீடு அன்று. ‘நைண்ட் ஹோம்’ என்ற மாணவியர் விடுதியில், பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். ஒரு பெரிய குடும்பத்தின் தாய்க்கு இருக்கும் அத்தனை வேலையும் விடுதியை நடத்துபவருக்கும் உண்டு. இடையில் மலாய்க் கிறிஸ்துவப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் பொறுப்பு, பாடல்களை மலாயில் மொழிபெயர்க்கும் வேலை வேறு. 1894இல் தொடங்கிய மலாய்மொழி வழிபாட்டிலும் அவருக்குப் பங்குண்டு. அந்த வழிபாட்டுக் குழு வளர்ந்து, இன்று கம்போங் கபூர் மெதடிஸ்ட் தேவாலயமாக லிட்டில் இந்தியாவில் நிற்கிறது.

ஷார்ட் ஸ்திரீட் பள்ளியில் பிற இனப் பிள்ளைகளும் சேர, பெயரிலிருந்து ‘தமிழ்’ நீங்கி அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. 1925இல் மவுண்ட் சோஃபியாவுக்கு இடம் மாறியது. (குன்றுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அவர் வருவதற்கு முன்பே அதற்கு அந்தப் பெயர்தான்.) 1992இல் பள்ளி குடியேறிய சாலைக்குத்தான் உண்மையில் அவர் பெயர்: பிளாக்மோர் டிரைவ்.

1920களின் இறுதியில் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியா திரும்பினார். 1945 ஜூலையில் காலமானார். ஜப்பானியர் சிங்கப்பூரைவிட்டுப் போக இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.