அப்துல்லாஹ் இப்னு சுபைர்

அப்துல்லாஹ் இப்னு சுபைர் (624 – 692) உமையா மரபினருக்கு எதிராக மக்காவிலிருந்து ஆட்சி செய்த கலீபா ஆவார். மேற்கத்திய நூல்கள் பலவற்றில் இவர் எதிர்க் கலீபா எனக் குறிக்கப்படுகிறார். ஆயினும் 684இல் ஹிஜாஸ், எகிப்து, ஈராக், சிரியாவின் பெரும்பகுதி ஆகியவை இவரையே ஏற்றிருந்தன. அவ்வாண்டில் யார் யாருக்கு எதிர் என்பது எளிதில் விடை கூறக்கூடிய வினா அன்று.

வாழ்க்கை

மக்காவிலிருந்து குடிபெயர்ந்த முஸ்லிம்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் குழந்தை இவர் என்பது மரபு. தந்தை நபித்தோழர் சுபைர் இப்னு அவ்வாம். தாய் அஸ்மா முதல் கலீபா அபூபக்கரின் மகள். நபிகளாரின் மனைவி ஆயிஷா இவருடைய சிற்றன்னை. கலீபா உஸ்மான் குர்ஆன் பிரதிகளைத் தயாரிக்க அமைத்த குழுவில் இவரும் இடம்பெற்றார். 656இல் நடந்த ஒட்டகப் போரில் ஆயிஷாவின் பக்கம் நின்று அலீயை எதிர்த்தார்.

680இல் முஆவியா இறந்தபின் அவர் மகன் யசீத் கலீபாவானார். ஆட்சி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதை ஏற்க மறுத்த இப்னு சுபைரும் அலீயின் மகன் ஹுசைனும் மதீனாவை விட்டு மக்காவுக்குச் சென்றனர். பின்னர் கூஃபாவை நோக்கிப் புறப்பட்ட ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். இப்னு சுபைர் மக்காவிலேயே தங்கினார். 683இல் சிரியப் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஅபா தீப்பற்றி எரிந்தது. யசீத் இறந்த செய்தி வந்ததும் போர் நின்றது. சிரியாவுக்குத் தம்முடன் வந்தால் இவரையே கலீபாவாக ஏற்பதாகப் படைத்தலைவர் முன்வந்தார். இப்னு சுபைர் மறுத்துவிட்டார்.

இவரது வீழ்ச்சிக்கு வேறெதையும்விட இம்மறுப்பே காரணம் எனலாம். மக்காவின் புனிதம் இவருக்கு மதிப்பைத் தந்தது. ஆனால் விளைநிலமற்ற அந்நகரிலிருந்து தொலைதூர மாகாணங்களைக் கட்டியாள்வது கடினம். 684இல் மர்ஜ் ராஹித் போரில் மர்வான் சிரியாவைக் கைப்பற்றினார். அடுத்து எகிப்தும் பறிபோனது. ஈராக்கில் கிளர்ந்தெழுந்த முக்தாரை இவருடைய தம்பி முஸ்அப் 687இல் வென்றார். 691இல் மர்வானின் மகன் அப்துல் மலிக்குடன் நடந்த போரில் முஸ்அப் உயிரிழந்ததோடு ஈராக்கும் கைவிட்டுப் போனது.

692இல் தளபதி ஹஜ்ஜாஜ் மக்காவை ஆறு மாதங்களுக்கும் மேலாக முற்றுகையிட்டுக் கவண்பொறிகளால் தாக்கினார். பசியால் வாடிய ஆயிரக்கணக்கானோர் சரணடைந்தனர். அவர்களுள் இவருடைய புதல்வர்களும் இருந்தனர். முதிர்ந்த வயதிலிருந்த அஸ்மா, சரணடைவதைவிடப் போரிட்டு மடிவதே தகும் என்று மகனுக்கு அறிவுறுத்தியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இப்னு சுபைர் போரிட்டு உயிர்நீத்தார். அவர் உடல் பொதுவிடத்தில் தொங்கவிடப்பட்டது.

எஞ்சியவை

இவருடைய ஆளுநர் ஒருவர் பாரசீகத்தின் பிஷாப்பூரில் 685-686இல் வெளியிட்ட வெள்ளிக்காசில் முகம்மது இறைத்தூதர் என்னும் வாசகம் உள்ளது. நபிகளாரின் பெயர் பொறித்த காசுகளுள் அறியப்பட்டவற்றில் இது மிகப் பழமையானது. பின்னாளில் அப்துல் மலிக்கின் காசுகளிலும் இத்தகைய வாசகம் இடம்பெற்றது.

எரிந்த கஅபாவை இவர் இடித்து, ஆயிஷா வழியாக அறிந்த நபிமொழியின்படி விரிவாகக் கட்டியிருந்தார். வடமேற்கே உள்ள ஹத்தீம் பகுதி கட்டடத்துக்குள் சேர்க்கப்பட்டது. தரைமட்டத்தில் இரு வாயில்கள் அமைந்தன. 693இல் ஹஜ்ஜாஜ் அதைப் பழைய அளவுக்குக் குறைத்து, மேற்கு வாயிலை அடைத்து, கிழக்கு வாயிலை உயர்த்தினார். இன்றுள்ள கஅபா இவ்வமைப்பையே பின்பற்றுகிறது; ஹத்தீம் அதன் சுவருக்கு வெளியே, அரைவட்டச் சிறுமதிலுக்குள் உள்ளது.