தலைவர் நாற்காலிக்குப் போட்டி... துணைத் தலைவரான திருத்தணிக்காரர்! ராதாகிருஷ்ணன் தேர்வானது எப்படி?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளராக சொந்தக் கட்சிக்குள்ளேயே முட்டி மோதணும். ஜெயித்தவர், தனக்கான துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார். 1960-ல் தன்னை எதிர்த்த லிண்டன் ஜான்சனையே கென்னடி சேர்த்துக்கொண்டார்.

இந்தியாவில் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனித் தேர்தல்தான். ஆனாலும், குடியரசின் தொடக்கத்தில் இங்கேயும் அப்படி ஒரு உட்கட்சிப் போட்டி நடந்தது.

ராஜாஜியா, ராஜேந்திர பிரசாத்தா?

1949-ல் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. அவரே முதல் குடியரசுத் தலைவராக வரணும் என நேரு விரும்பினார். ஆனால், 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ராஜாஜி ஏற்காததைக் காங்கிரஸார் மறக்கவில்லை. படேலின் ஆதரவும் பிரசாத்துக்குத்தான். 1950 ஜனவரி 24-ல் பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

கட்சிக்காரர் அல்ல, பேராசிரியர்!

1952-ல் முதல் பொதுத்தேர்தல் முடிந்ததும் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ராஜாஜி அதற்குள் சென்னை மாகாண முதல்வராகிவிட்டார். காங்கிரஸ் முன்னிறுத்தியது, 1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை.

தெலுங்கு பேசும் எளிய குடும்பம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்து, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு எனப் பாடம் நடத்தியவர். 1949 முதல் மாஸ்கோவில் இந்தியத் தூதர். ஸ்டாலினையே நேரில் சந்தித்தவர். எந்தக் கோஷ்டியிலும் இல்லை. தலைவர் பீகார்க்காரர், துணைத் தலைவர் தென்னாட்டுக்காரர் என்ற சமநிலையும் கிடைத்தது. போட்டியின்றித் தேர்வாகி, மாநிலங்களவையின் முதல் தலைவராகவும் அமர்ந்தார்.

10 வருடக் காத்திருப்பு

1957-ல் அவரைத் தலைவராக்க நேரு நினைத்தார். ஆனால் கட்சி மறுபடியும் பிரசாத் பக்கமே நின்றது. ராதாகிருஷ்ணன் இன்னும் 5 வருடம் துணைத் தலைவராகவே இருந்தார். இடையில், 1953-ல் ஆந்திராவோடு போன திருத்தணி, ம.பொ.சி. உள்ளிட்டோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் தமிழகத்துக்கே திரும்பியது.

1962 மே 13-ல் அவர் குடியரசுத் தலைவரானார். அதே வருடம் சீனப் போர். 1964-ல் நேரு மறைந்தார், 1966-ல் சாஸ்திரி மறைந்தார். இரண்டு முறையும் நந்தாவை இடைக்காலப் பிரதமராக்கி, ஆட்சி தடுமாறாமல் பார்த்துக்கொண்டார்.

1967-ல் அவரே தொடரணும் என்றார் காமராஜர். இந்திரா காந்தியோ, துணைத் தலைவராக இருந்த ஜாகிர் உசேனைத் தேர்ந்தெடுத்தார். ராதாகிருஷ்ணன் சென்னை திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ல் காலமானார்.

இரண்டாவது நாற்காலிக்கு யார் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனா, நெருக்கடி வரும்போது நாட்டின் முதல் நாற்காலியில் யார் இருப்பார் என்பதைப் பல வருடங்களுக்கு முன்பே அந்தத் தேர்வு தீர்மானித்துவிடுகிறது.