பூச்சியிடம் பாடம் கற்ற பேரறிஞர்

இலையைத் தின்று திரிந்த புழு, சில நாள்களில் வண்ணத்துப்பூச்சியாகச் சிறகடிக்கிறது. யாவரும் கண்டு வியக்கும் காட்சி இது. ஆனால், உருமாறும் வேளை வந்துவிட்டது என்பதைப் பூச்சியின் உடலுக்கு அறிவிப்பது எது? அதுவரை அதன் இளமையைக் காத்து வைப்பது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த்.

அவர் 1899ஆம் ஆண்டு லங்காஷயர் பகுதியிலுள்ள கிர்காம் என்னும் ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பயின்று மருத்துவரானார். எனினும், 1926இல் லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தில் பூச்சியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். நோய் பரப்பும் பூச்சிகளை வெல்ல வேண்டுமாயின், அவற்றின் உடல் இயங்கும் முறையை முதலில் அறிய வேண்டும் என்னும் கருத்தே அங்கு அவரை வழிநடத்தியது.

தம் ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்தது, தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் ரோட்னியஸ் என்னும் குருதி உறிஞ்சும் பூச்சி. அது முழு வளர்ச்சி அடையுமுன் ஐந்து இளம்பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை வயிறாரக் குருதி குடித்தால் போதும். குறித்த நாள்களில் தோலுரித்து அடுத்த பருவத்தை எய்தும். தலையை அகற்றிய பின்னும் அது ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ வல்லது.

இவ்வியல்பே ஆய்வுக்கு வாயில் திறந்தது. குருதி குடித்த ஓரிரு நாள்களில் தலையை அகற்றினால், ஐந்தாம் பருவப் பூச்சி தோலுரிக்கவில்லை. ஒரு வாரத்திற்கு மேல் கழித்து அகற்றினால், தலையின்றியே தோலுரித்தது. பின்னர், இவ்விரு வகைப் பூச்சிகளையும் குருதி கலக்குமாறு மெழுகினால் இணைத்தார். தோலுரிக்காதிருந்த பூச்சியும் இப்போது தோலுரித்தது! வளர்ச்சிக்கான ஆணையைக் குருதிவழிப் பரவும் ஹார்மோனே சுமந்து செல்கிறது என்பது தெளிவாயிற்று. கம்பளிப்புழுக்களை ஆராய்ந்து போலந்து அறிஞர் கோபெக் முன்னரே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். ஆயினும், அறிவுலகம் அதற்கு உரிய கவனம் தரவில்லை.

அந்த ஹார்மோன் பிறக்கும் இடம் எது? மூளைக்குப் பின்புறமுள்ள கார்ப்பஸ் அலேட்டம் என்னும் சிறு சுரப்பியே என்று 1934இல் விக்கிள்ஸ்வொர்த் கருதினார். ஆனால், அடுத்தடுத்த சோதனைகள் வேறு உண்மையைக் காட்டின. தாம் அச்சில் வெளியிட்ட கருத்தைத் தாமே மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை. அச்சுரப்பி தருவது இளமையை நீட்டிக்கும் ஹார்மோன் என்று 1936இல் நிறுவினார். தோலுரிக்கும் தூண்டல் மூளையிலிருந்தே எழுகிறது என்று 1940இல் மெய்ப்பித்தார். இளம்பூச்சியின் அச்சுரப்பியை ஐந்தாம் பருவப் பூச்சியின் உடலில் பொருத்தியபோது, அது முதிர்ச்சி அடையாமல் ஆறாம் இளம்பருவத்தை எய்தியது. முதற்பருவக் குஞ்சின் தலையை நீக்கி, முதிர்ச்சியை நெருங்கிய பூச்சியோடு இணைத்தபோதோ, அக்குஞ்சு உருவில் சிறுத்த முதிர்பூச்சியாயிற்று. இளமை ஹார்மோனைத் தடவியே, முதிர்ந்த பூச்சியின் உடலில் தம் பெயரின் முதலெழுத்துகளை இளந்தோலாகத் தோன்றச் செய்தார்.

இளமைக்கும் முதுமைக்கும் உரிய இரு வடிவங்களும் ஒரே உயிரினுள் உறைகின்றன. எது வெளிப்பட வேண்டும் என்பதை ஹார்மோன் முடிவு செய்கிறது. இதுவே அவர் கண்ட உண்மை. 1939இல் வெளிவந்த அவருடைய பூச்சி உடலியல் நூல், அத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. கேம்பிரிட்ஜில் உயிரியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னும் அவர் ஆய்வு ஓயவில்லை. நீர்வாழ் மூதாதைகளின் செவுள் தகடு போன்ற உறுப்புகளிலிருந்து பூச்சிகளின் சிறகுகள் தோன்றியிருக்கலாம் என்று, எழுபது வயதைக் கடந்த நிலையிலும் பரிணாமம் குறித்து எழுதினார். அவர் 1994இல் மறைந்தார்.

இன்று, இளமை ஹார்மோனைப் போன்று செயல்படும் வேதிப்பொருள்களைக் கொசுப்புழுக்கள் வாழும் நீரில் இடுகின்றனர். அவற்றால் கொசுக்கள் முழு வளர்ச்சி அடையாமலே மடிகின்றன. நோய் பரப்பும் பூச்சியை வெல்லும் வழியை, ஒரு பூச்சியிடமே கற்றுத் தந்தார் விக்கிள்ஸ்வொர்த்.