பழிச்சொல்லை மாற்றியவர்

'ஹோமோசெக்ஷுவல்' என்ற ஆங்கிலச் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆணுக்கு ஆண் மீதும், பெண்ணுக்குப் பெண் மீதும் ஏற்படும் ஈர்ப்பைக் குறிக்கும் சொல் அது. தமிழில் தன்பாலீர்ப்பு என்கிறோம்.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஆங்கிலேயர் அல்ல; டாக்டரும் அல்ல. ஹங்கேரி நாட்டு எழுத்தாளர் ஒருவர். அவர் பெயர் கார்ல் மரியா கெர்ட்பெனி.

அவர் ஏன் ஒரு புதுச் சொல்லைத் தேடினார்? அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

நண்பரின் மரணம்

1824-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி வியன்னா நகரில் அவர் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் பென்கெர்ட். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஹங்கேரியில் உள்ள பெஸ்ட் நகரத்துக்குக் குடிபோயிற்று.

இளம் வயதில் அவர் ஒரு புத்தகக் கடையில் தொழில் பழகினார். அப்போது அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அந்த நண்பரின் மனம் ஆண்களையே நாடியது. இதைத் தெரிந்துகொண்ட ஒரு கயவன் அவரை மிரட்டிப் பணம் பறித்தான். போலீசுக்கும் போக முடியாது. வீட்டிலும் சொல்ல முடியாது. நண்பர் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தச் சாவை கெர்ட்பெனி கடைசி வரை மறக்கவில்லை. அநியாயம் எதைக் கண்டாலும் தன் மனம் கொதிப்பதற்கு இதுவே காரணம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

ஊர் ஊராக

சில காலம் அவர் ராணுவத்தில் இருந்தார். பிறகு எழுத்தே தொழிலாயிற்று. பென்கெர்ட் என்ற பெயரை முன்பின்னாக மாற்றி, கெர்ட்பெனி என்று ஹங்கேரியப் பெயராக்கிக் கொண்டார். கவிஞர் பெட்டோஃபியின் பாடல்களையும், யோக்காயின் கதைகளையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஹங்கேரியின் இலக்கியம் ஐரோப்பாவுக்குத் தெரிய அவரும் ஒரு காரணம். ஆனாலும் கையில் காசு தங்கவில்லை. பல நாடுகளில் அலைந்து, 1868-ல் பெர்லின் நகருக்கு வந்து தங்கினார்.

பிறந்தன இரு சொற்கள்

பெர்லின் நகரம் அப்போது பிரஷ்யா நாட்டின் தலைநகர். ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறைத்தண்டனை என்று அந்நாட்டுச் சட்டத்தின் 143-வது பிரிவு கூறியது. அப்படிப்பட்டவர்களைக் குறிக்க அன்று வழங்கிய சொற்கள் எல்லாம் வசைச் சொற்கள். பைபிளில் வரும் பாவ நகரத்தின் பெயரால் அழைப்பார்கள். அல்லது குற்றவாளி என்று பொருள்படப் பேசுவார்கள். பெயரைச் சொன்னாலே தீர்ப்பும் சொல்லியாயிற்று!

ஹனோவர் நாட்டு வக்கீல் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் இதை எதிர்த்துத் துணிவுடன் எழுதி வந்தார். 1867-ல் மியூனிக் நகரில் சட்ட அறிஞர்களின் மாநாட்டில் எழுந்து பேசினார். கூச்சல் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

அவருக்கு கெர்ட்பெனி கடிதங்கள் எழுதினார். 1868-ம் ஆண்டு மே 6-ந் தேதியிட்ட கடிதத்தில்தான் அந்தப் புதுச் சொல் முதன்முதலாகக் காணப்படுகிறது. 'ஹோமோ' என்பது கிரேக்கம். அதே என்று பொருள். 'செக்ஷுவல்' என்பது லத்தீனிலிருந்து வந்தது. பாலினத்தைச் சேர்ந்தது என்று பொருள். இரண்டையும் ஒட்டினார். அதில் வசை இல்லை, பாவம் இல்லை, குற்றம் இல்லை.

அதே கடிதத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது. அது 'ஹெட்டரோசெக்ஷுவல்'. ஆண் பெண்ணையும், பெண் ஆணையும் நாடுவதைக் குறிப்பது. சிறுபான்மையோருக்கு மட்டும் அடையாளம் குத்தாமல் பெரும்பான்மையோருக்கும் ஒரு பெயர் வைத்தார். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் போல நின்றன.

பலிக்காத முயற்சி

1869-ல், பெயர் போடாமல் இரண்டு துண்டுப் பிரசுரங்களை அவர் வெளியிட்டார். இந்த இயல்பு பிறவியிலேயே அமைவது என்றார். வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்ந்தால் சர்க்கார் தலையிடக் கூடாது என்றார். இந்தச் சட்டம் மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கே துணை போகிறது என்றும் வாதாடினார். நண்பரின் நினைவு அந்த எழுத்துக்களில் பேசியது.

பலன் கிட்டவில்லை. 1871-ல் ஜெர்மானியப் பேரரசு உருவானதும், தண்டனை நாடு முழுவதற்கும் வந்தது. 175-வது பிரிவு என்று பேர் பெற்ற அந்தச் சட்டம் 1994-ல்தான் அடியோடு நீங்கியது. கெர்ட்பெனி 1882-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் காலமானார். அவருக்கு வயது 57.

சொல்லின் கதி

மனிதர் மறைந்தார், சொல் பிழைத்தது. ஆனால் அது மருத்துவர்களின் கைக்குப் போயிற்று. மனநோய் நூல்களில் ஒரு நோயின் பெயராக அதை எழுதினார்கள். 1892-ல் அப்படிப்பட்ட நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கிலத்திலும் புகுந்தது. மரியாதைக்காகப் பிறந்த சொல் மறுபடியும் முத்திரை ஆயிற்று.

இது நோய் அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. என்றாலும் அந்தச் சொல்லில் ஆஸ்பத்திரி வாடை முற்றிலும் போகவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் இன்று ஒருவரைக் குறிப்பிட அதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். 'ஹோமோ' என்று சுருக்கிச் சொல்வது வசையே.

ஆண்களை நாடும் ஆணை 'கே' என்கிறார்கள். மகிழ்ச்சியான என்பது அதன் பழைய பொருள். பெண்களை நாடும் பெண்ணை 'லெஸ்பியன்' என்கிறார்கள். பெண்கவி சாஃபோ வாழ்ந்த லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவின் பெயரால் வந்தது அது. இரு பாலாரையும் நாடுபவர் 'பைசெக்ஷுவல்'. 'குவீர்' என்பது முன்பு ஏச்சாக இருந்தது. இன்று பலர் தாமாக விரும்பி ஏற்றிருக்கிறார்கள். சிலருக்கு இன்னும் மனம் வலிக்கிறது. எனவே அப்படித் தம்மைச் சொல்லிக் கொள்பவரை மட்டும் அவ்வாறு அழைப்பதே நல்லது.

நம் நாட்டிலும் இதே கவலை எழுந்தது. ஆங்கிலேயர் 1860-ல் இயற்றிய 377-வது பிரிவு, மனம் ஒத்த பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சென்னை ஐகோர்ட்டு அறிவுறுத்த, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது.

ஒருவரை எப்படி அழைப்பது என்று ஐயம் வந்தால் அவரையே கேட்கலாம். அவர் சொல்லும் பெயரே சரியான பெயர். அவர் தாமாகச் சொல்லாதவரை பிறரிடம் அதை வெளியிடாமல் இருப்பதும் மரியாதையே. கெர்ட்பெனியின் நண்பர் உயிரை விட்டது, அப்படி வெளியாகிவிடும் என்ற பயத்தால்தான்.

புடாபெஸ்டில் கெரெபெஷி இடுகாட்டில் கெர்ட்பெனி உறங்குகிறார். நெடுநாள் மறந்து கிடந்த அந்த இடத்தில் 2002-ல் புதிய நினைவுக்கல் நாட்டினார்கள். நாட்டியவர்கள், அவர் யாருக்காக ஒரு நல்ல சொல்லைத் தேடினாரோ அவர்களே.