டோர்னக்கல் அத்தியட்சர் அசரியா

திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளையும் தேரிமணலையும் அறிந்தோர் நம் தாராவியில் பலர் உளர். திருச்செந்தூரை அடுத்த வெள்ளாளன்விளையில், 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், தாமஸ் வேதநாயகம் என்னும் குருவானவருக்கு மகனாய்த் தோன்றியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியருள் முதன்முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சரானவர் என்று உலகம் இவரைப் போற்றுகிறது. நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது அப்பெருமையை அன்று. கொடுத்தலைப் பற்றி அவர் கொண்டிருந்த உறுதியையே. எச்சமயத்தவராயினும், சந்தாவும் நன்கொடையும் கொண்டு சங்கம் நடத்துவோர் அறியத்தக்கது அது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றபின், 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராய் ஊர் ஊராய்ச் சென்றார் அசரியா. 1902-இல் அப்பணி அவரை யாழ்ப்பாணத்துக்கு இட்டுச் சென்றது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் சேர்த்து, கடல் கடந்து நம் தமிழகக் கரைக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். நெல்லைச் சபைகளோ அவற்றினும் பெரியவை, நூறாண்டு கடந்தவை. ஆயினும் தம் எல்லைக்கு அப்பால் தம் பொருளாலேயே ஒரு பணியை நடத்தும் துணிவு அவற்றுக்கு வரவில்லை. அந்த நாணம் அவரை உறங்கவிடவில்லை போலும். மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12-ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆளும் பொருளும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 1904-இல் முதல் ஊழியர் நிஜாம் அரசின் டோர்னக்கலுக்குச் சென்றார். 1909-இல் அசரியாவும் குருப்பட்டம் பெற்று அங்கே குடியேறினார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார்.

அவர் கையில் வந்த மக்கள் யாவர்? பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட கூலி உழவர். இவர்களிடம் காணிக்கை கேட்பது தகுமோ என்று எவர்க்கும் தோன்றும். அசரியா தகும் என்றே கொண்டார். ஏழை என்று இரங்கி ஒருவனை என்றும் பெறுவோனாகவே வைத்திருப்பது, அவனைத் தாழ்த்துவதன் வேறு வடிவம் என்பது அவர் எண்ணம். கொடுப்பவனுக்கே சபை தன்னுடையது என்ற உணர்வு வரும். கணக்குக் கேட்கும் உரிமையும் வரும்.

அதற்கு அவர் கைக்கொண்ட வழி எளியது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இடும் வழக்கம் நெல்லைப் பெண்டிர் நன்கறிந்தது. டோர்னக்கல் கிராமங்களிலும் அது வேரூன்றியது. காசு காணாத வீட்டிலும் ஒரு பிடி தானியம் உண்டன்றோ! அறுப்பின் பண்டிகையில் நெல்லும் கோழியும் காய்கறியும் வந்து குவியும். அவ்வாறு வரும் பொருள் ஏலத்தில் காசாவதும், சேகரங்களின் காணிக்கை பொது நிதியிற் சேர்ந்து குருமாரின் ஊதியமாவதும் நெல்லைச் சபைகளில் வழங்கிய முறை. குருவானவர் உள்ளூர்ச் செல்வர் ஒருவரின் கையை எதிர்பாராதிருக்க இஃது உதவியது. (மாதச் சீட்டுக்கு நாள் தவறாது கட்டும் நம் கைகள், பொதுக்காரியம் என்றதும் சற்றே தயங்குவதை நாமும் கண்டதுண்டு.)

மனிதன் பொருளுக்கு உரியவன் அல்லன், உக்கிராணக்காரனே என்பது அவர் போதனையின் சாரம். ஆதலின் கொடுத்தலை வரியாகவோ தருமமாகவோ அன்றி வழிபாடாகவே கருதினார். மனம் வந்தபோது வாரி வழங்குவதினும், வருவாய்க்குத் தக்கபடி ஒழுங்காய்க் கொடுப்பதையே வற்புறுத்தினார். இதனை விளக்கி ஆங்கிலத்தில் அவர் எழுதிய சிறு நூல், அவர் மறைந்தபின் 1950-களில் மீண்டும் அச்சேறிப் பிற மொழிகளிலும் பரவியது.

முழுத் தன்னிறைவு அவர் வாழ்நாளிற் கைகூடவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. சீமைச் சங்கங்களின் உதவி தொடர்ந்தே வந்தது. பேராலயம் எழும்பவும் கால் நூற்றாண்டு சென்றது. கோயில் தூணும் பள்ளிவாசற் கும்பமும் ஒருங்கே தோன்ற அமைந்த அவ்வாலயம், 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

1945 ஜனவரி 1-ஆம் நாள் டோர்னக்கலிலேயே அசரியா மறைந்தார். அவர் நெடுங்காலம் உழைத்து எதிர்நோக்கிய தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் பிறந்தது. பாளையங்கோட்டையில் தொடங்கிய சங்கம் 2003-இல் நூறாண்டு கண்டு, இன்றும் ஊழியரை அனுப்பி வருகிறது.