வள்ளல் அழகப்பரும் வண்டிப் பாட்டரியும்

வைகறையில் இராமேசுவரத்தில் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலில் வழிபட்டு, தனுஷ்கோடிக்குப் புறப்படும் யாத்திரிகர்கள் ஒரு காரில் ஏறி அமர்கின்றனர். ஓட்டுநர் சாவியைத் திருகுகிறார். வண்டி ஒரு முனகல் முனகி அடங்கிவிடுகிறது. பாட்டரி செத்துவிட்டது. வந்தவர்கள் இறங்கி அடுத்த காருக்குப் போய்விடுகின்றனர். அன்றைய வருமானம் போயிற்று. புதுப் பாட்டரிக்கென்று சில ஆயிரம் ரூபாய் கடனும் சேர்ந்தது. உப்புக் காற்றின் மேலும் தலையெழுத்தின் மேலும் பழியைப் போட்டுவிட்டு அவர் அடுத்த பாட்டரியை வாங்குகிறார். அதுவும் அவ்வாறே போகிறது.

இது தலையெழுத்தன்று; மின்வேதியியல். அந்த இயலுக்கென்றே அமைந்த தேசிய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. 1985 வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த அவ்வூருக்கு அந்நிலையம் வரக் காரணமானவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் வாழ்வை அறிவதும், அவர் தந்த கொடையின் பயனை நம் வண்டி வரையில் கொண்டுவந்து சேர்ப்பதும் நம் கடமையாகும்.

அழகப்பர் 1909 ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். வட்டித் தொழிலும் வாணிபமுமே வாழ்வாகக் கொண்டிருந்த நகரத்தார் சமூகத்தில் அக்காலத்தில் இஃது அரிய செயல். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அங்கேயே வங்கித் தொழிலிலும் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றார். புதிய பொறி எதைக் கண்டாலும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் இயல்பாகவே இருந்தது.

தாயகம் திரும்பிய அவர் வழக்கறிஞராக அமையவில்லை. தொழில் துறையில் இறங்கினார். கொச்சி நாட்டில் நூற்பாலை கண்டார். அவ்வாலை அமைந்த இடம் இன்றும் அழகப்ப நகர் என்று வழங்குகிறது. ஜுபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். செல்வம் சேர்ந்தது, சேர்ந்த வேகத்திலேயே அறிவுக்கென்று வெளியேறியது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு லட்சம் ரூபாய் தந்தார். கிண்டியில் 1944இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஐந்து லட்சம் தந்தார். அக்கல்லூரி இன்றும் அவர் பெயரையே தாங்கி அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது.

1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடைபெற்றது. செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் காண வேண்டும் என்று துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அங்கு வேண்டினார். அக்கூட்டத்திலேயே அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். ஆகஸ்டுத் திங்களிலேயே கல்லூரி தொடங்கிவிட்டது. பின்னர்ப் பொறியியற் கல்லூரியும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் பள்ளிகளும் அடுத்தடுத்து எழுந்தன. புஞ்சைக் காடும் செம்மண் பொட்டலுமாகக் கிடந்த இடம் கல்வி நகராயிற்று.

இக்கொடைகளுக்கெல்லாம் சிகரமாக அமைந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவும் பணியில் சாந்தி சுவரூப் பட்நாகர் ஈடுபட்டிருந்தார். அவற்றுள் ஒன்று காரைக்குடிக்கு வர வேண்டும் என்று அழகப்பர் விரும்பினார். முந்நூறு ஏக்கர் நிலத்தையும் பதினைந்து லட்சம் ரூபாயையும் அளித்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளையொட்டி, டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். மின்கலங்கள், உலோக அரிப்பு, மின்முலாம் ஆகியவை அங்கு ஆராயப்படும் துறைகளுள் சில. நம் கடலோரத்தில் மண்டபம் முகாமிலும் அதன் பிரிவு ஒன்று அமைந்தது. கடற்காற்றும் கடல்நீரும் உலோகத்தை எவ்வாறு தின்கின்றன என்பதை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இனி நம் வண்டிக்கு வருவோம். காரில் உள்ள பாட்டரி, பிரான்சு நாட்டுப் பிளாந்தே 1859இல் கண்ட ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தது. ஆறு அறைகள், ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆக, முழுதும் மின்னேறிய நிலையில் சுமார் 12.6 வோல்ட். ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் வினைபுரிவதால் மின்சாரம் பிறக்கிறது. மின்னிறக்கத்தின்போது தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலை திரும்புகிறது. மின்னிறங்கிய பாட்டரியை நாட்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால் சல்பேட்டு இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய ஆற்றல் மீளாது. சுற்றுலாப் பருவம் முடிந்து வாரக்கணக்கில் நிற்கும் கார்களின் பாட்டரிகள் பெரும்பாலும் இவ்வாறே மடிகின்றன.

வெயில் மற்றொரு பகை. வெப்பம் பத்துப் பாகை கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியல் மாணவர் அறிந்த பொது விதி. எனவே நம் ஊர் வெயிலில் நீர் விரைவில் வற்றுகிறது. உள்ளிருக்கும் ஈயச் சட்டமும் விரைவில் அரிக்கப்படுகிறது. உப்பும் ஈரமும் கலந்த காற்றோ வெளியே உள்ள முனைகளில் பூஞ்சைபோல் உப்புப் பூக்கச் செய்கிறது. பூத்த முனையில் மின்சாரம் எளிதில் பாயாது. பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் வண்டி கிளம்பாததற்கு இதுவே காரணமாதல் உண்டு.

ஆகவே புதுப் பாட்டரி வாங்குமுன் பழையதைச் சோதிக்க வேண்டும். முனைகளைத் துலக்கி இறுக்குக. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து வோல்ட் அளக்க: 12.4க்குக் கீழிருந்தால் மின்னேற்றம் தேவை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டாவிட்டால் பழுது மின்னாக்கியிலோ அதன் பட்டையிலோ இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மாற்றினால் புதுப் பாட்டரியும் பாழாகும்.

மாற்றுவதே முடிவென்றால் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, கார் தயாரித்தவர் குறித்துள்ள ஆம்பியர்-மணி அளவு, பெட்டியின் நீள அகலம், நேர்முனை இருக்கும் பக்கம் ஆகியவை பொருந்த வேண்டும். இரண்டாவது, தயாரித்த மாதம். கடைத்தட்டில் நெடுநாள் தூங்கிய பாட்டரி வாங்கும்போதே பாதி கிழடு. மூன்றாவது, உத்தரவாதச் சீட்டில் தேதியும் முத்திரையும் இட்டு வாங்குதல். பழைய பாட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுக. ஈயம் நஞ்சு, அதைக் கரையோரத்தில் எறிவதும் வீட்டுக் கொல்லையில் உடைத்து உருக்குவதும் குழந்தைகளுக்குக் கேடு.

பராமரிப்பு பெரிய வித்தையன்று. மூடி திறக்கும் வகைப் பாட்டரியானால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, தகடுகள் மூழ்குமாறு காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நம் பக்கத்துக் கிணற்று நீரும் குழாய் நீரும் உப்புக் கலந்தவை. அவை தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றலாகாது. முழு மின்னேற்றத்தில் ஹைட்ரோமீட்டர் 1.26 முதல் 1.28 வரை காட்டும். முனைகளைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்தி, வாசலின் தடவினால் உப்புக் காற்று அண்டாது. கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது அது கடைசியில். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. பெட்டி அசையாதபடி பட்டையை இறுக்குதலும், நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை அரைமணிக்குக் குறையாமல் ஓட்டுதலும் பாட்டரியின் ஆயுளை நீட்டும்.

அழகப்பரின் ஆயுளோ நீளவில்லை. நெடுநாள் நோய் அவரை வாட்டியது. தொழில்களிலும் இழப்புகள் நேர்ந்தன. ஆயினும் கொடை நிற்கவில்லை. கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே மகளிர் கல்விக்கென ஒப்படைத்தார். ஆங்கில அரசு தந்த சர் பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்த அவருக்கு, 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், அவர் மறைந்தார். அவர் வளர்த்த கல்வி நகரில் 1985இல் பல்கலைக்கழகமும் அவர் பெயராலேயே மலர்ந்தது.

ஒருவர் ஒருமுறை கொடுத்துவிடலாம். கொடுத்ததைக் காப்பது பின்வருவோர் நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஊழியர்களும் அப்பணியைச் செய்து வந்ததால்தான் அந்த முந்நூறு ஏக்கர் இன்றும் ஆய்வுக்கூடமாக நிற்கிறது. ஆனால், அங்கே வளர்ந்த அறிவு இராமேசுவரத்து ஓட்டுநரிடம் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. மாணவத் தோழர்களே, நம் வேதியியல் ஆய்வகத்தில் ஹைட்ரோமீட்டர் உண்டு; வோல்ட்மீட்டர் உண்டு. விடுமுறையில் ஒரு நாள் அவற்றோடு கார் நிறுத்தத்திற்குச் செல்வோம். ஒருவரது வண்டியாவது மறுநாள் விடியலில் முனகாமல் கிளம்பட்டும். வள்ளல் தந்ததில் நம் பங்கு அதுவாக இருக்கட்டும்.