கோ. நடேச ஐயர்

தலைமன்னாரிலிருந்து செட்டிகுளம் வழியாக மதவாச்சிக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1914இல் திறக்கப்பெற்றது. தமிழகத்துக் கூலிமக்கள் வன்னிக் காட்டைச் சாளரத்தின் வழியே கண்டவாறு மலையகம் ஏகினர். அன்னாருக்காக உழைத்தவர் தஞ்சையைச் சேர்ந்த நடேச ஐயர்.

தோட்டங்களுள் வெளியார் புகுதல் அரிதாயிருந்த அந்நாளில், ஐயர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு உட்சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார் என்பர். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியாற்றிப் பின் பிரிந்து, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடல்களாற் கூட்டம் சேர்த்தார். அவரது பங்கு இன்னும் போதிய அளவு போற்றப்படவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு இசைந்து கைதூக்கும் நகரத் தொழிலாளி கூலியை இழப்பினும் மாலையில் தன் வீடு திரும்புவான். தோட்டத் தொழிலாளிக்கோ குடியிருக்கும் லயமும் துரைக்கே உரியது. வேலை போயின் மனைவி மக்களோடு வெளியேற வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாதவனை அயல்தோட்டமும் ஏற்காது. கூரையையே பணயமாக வைத்து அவன் கையுயர்த்தினான். ஆதலின் சங்கம் கட்டுமுன் அச்சத்தை அகற்றுவதே ஐயரின் பெரும்பணியாயிற்று.

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார், 1947இல் மறைந்தார். மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் வாக்கும் பறிபோயிற்று. சங்கத்தினுள் அளிக்கும் வாக்கு ஒன்றே அவர்களிடம் எஞ்சியது.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அவருட் பலர், முன்னோர் சாளரத்தின் வழியே கண்டு கடந்த அதே வன்னியிற் குடியேறினர்.